மச்சான் வாங்கிய விருதும் கடக்காரர் வயிறும்

எங்கள் ஊரில் கடம் வாசிக்கிற கடக்காரர் சிரித்த முகத்தோடு பொறாமைப்படுவதில் உலகத்திலேயே முதல் ஆள். அதற்கென்று ஒரு தேசிய விருது இருந்திருந்தால் வருஷா வருஷம் இவரேதான் வாங்கியிருப்பார். வீட்டு அலமாரி நிறைந்து, பக்கத்து வீட்டு அலமாரியையும் இரவல் கேட்டிருப்பார். என்ன செய்வது, அரசாங்கம் பாட்டு, ஆட்டம், வாத்தியம் இதற்கெல்லாம்தான் விருது கொடுக்கிறது. அந்த விருது இந்த வருஷம் மிருதங்கத்துக்கு வந்தது. எத்தனையோ வீடு இருக்க, அது நேராக இவருடைய மச்சான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் மிருதங்கம், இவர் கடம். கச்சேரிக்குக் கச்சேரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள். நான் மைக் செட்காரன். இந்த இரண்டு பேருக்கும் முன்னால் மைக் வைத்து வைத்தே என் தலை நரைத்தது. மச்சான் மைக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கடக்காரர் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தனக்குக் கொஞ்சம் ஏற்றி மச்சானுக்குக் கொஞ்சம் இறக்கினால் ஊருக்கே நல்லது என்பார். நானும் ஒரு திருகைச் சும்மா திருகிக் காட்டுவேன். அந்தத் திருகில் ஒயரே கிடையாது. அவருக்கு உடனே மனசு ஆறிவிடும்.

பகலில் அவருக்கு டைல்ஸ் கடையில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற டைல்ஸ், வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான் எல்லாவற்றையும் விரலால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனுஷன் சும்மா தட்டமாட்டார். நல்ல பேசினாகக் கிடைத்துவிட்டால் மடியில் வைத்துக்கொண்டு கச்சேரியே நடத்துவார். குழாய் வாங்க வந்தவர்கள் குழாயை மறந்துவிட்டு நின்று கேட்பார்கள். ஒரு தடவை ஒரு அம்மா, வீடே கட்டாமல் பேசின் மட்டும் வாங்கிக்கொண்டு போனாராம்.

அப்படி ஒரு வெள்ளை பேசினைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவியிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மா தேம்பித் தேம்பி அழுததில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. குடும்பத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து இவர் உண்மையாகவே துக்கப்பட்டார். அப்புறம், அண்ணனுக்குத் தேசிய விருது என்று தெளிவாகச் சொன்னார். இப்போது இன்னும் கொஞ்சம் துக்கப்பட்டார். முதலாளி என்ன விஷயம் என்று கேட்டதற்கு, மச்சானுக்கு விருது, ரொம்ப சந்தோஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது அந்த பேசினில் விழுந்த அடியில் அது இரண்டாகப் பிளந்ததாக லோடு இறக்குகிறவர் சொல்கிறார். அவரும் என்னைப் போல வாய்க்காரர்தான். அதனால் இரண்டு என்பதைத் தள்ளுபடி செய்து ஒரு கீறல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொறாமை நேற்று முளைத்தது இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் மிருதங்கம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே திட்டு. ஒரு நாள் ஒரு கச்சேரிக்குக் கடம் வாசிக்கிறவர் வரவில்லை. வாத்தியார் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வயிற்றைத் தள்ளினால் ஒரு சத்தம், எக்கினால் ஒரு சத்தம். மச்சானுக்கு அப்போது வயிறு இருக்கிறதா என்று டாக்டர் வந்து தேட வேண்டும். இவருக்கோ, சட்டைப் பொத்தான் மூன்றும் ராஜினாமா கொடுத்த நிலைமை. வாத்தியார் பானையை இவர் மடியில் வைத்தார். வைத்தது வைத்ததுதான், இன்னும் இறங்கவில்லை.

"அந்த வாரம் ஒரு வேளை சாப்பாட்ட நிறுத்தியிருந்தா இன்னைக்கு விருது எனக்குத் தம்பி" என்று என்னிடம் சொல்லுவார். சொல்லிவிட்டு வயிற்றை ஒரு முறை முறைப்பார். அந்த வயிறு பாவம், வாய் இல்லாத ஜீவன்.

பிறகு சேர்ந்து சாதகம் பண்ணுவதற்காக மச்சான் வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே மச்சானின் தங்கை கதவோரம் நின்று, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். ஒரு நாள் இவரைப் பார்த்து, அரை எண்ணிக்கை விட்டுவிட்டீர்கள் என்று சொன்னார். தப்பைச் சரியாகக் கண்டுபிடிக்கிற பெண்ணைக் கண்டதும் இவர் அங்கேயே கவிழ்ந்தார். கல்யாணம் நடந்தது. மச்சானிடமிருந்து ஒரு பொருளையாவது தட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அவருக்கு அப்போது ஒரே பெருமை. பிற்பாடுதான் தெரிந்தது, மச்சானுக்குக் கைதட்டுகிற ஆளைத் தன் வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்துவிட்டோம் என்று.

விருது செய்தியோடு பேப்பரில் மச்சான் படம் வந்தது. கச்சேரியில் எடுத்த படம். மிருதங்கம் முன்னால், கடம் கொஞ்சம் தள்ளி உட்காருவது வழக்கம் இல்லையா? பேப்பர்காரர்கள் இடம் பத்தாமல் ஓரத்தைக் கத்தரித்ததில் எங்கள் ஆளின் முழங்கை மட்டும் மிச்சம். அதைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டினார் மனைவி. வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணனைக் காட்டுவார். இவர் பின்னாலேயே போய், இது நான் என்று முழங்கையைக் காட்டுவார். மச்சானின் மகள் அன்றிலிருந்து இவரை முழங்கை மாமா என்று கூப்பிடுகிறாள். இவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். உள்ளே அடுப்பு எரியும்.

விருது கொடுக்கிற விழாவுக்குக் குடும்பமே தலைநகருக்குக் கிளம்பியது. இவர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது. இது உள்காய்ச்சல், வெளியே தெரியாது என்றார். வண்டி தெருமுனை திரும்பியதும் எழுந்து என் மைக் செட் கடைக்கு வந்து டிவியைப் போடச் சொன்னார். மச்சான் மேடையேறினார், பட்டயமும் சால்வையும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார், இறங்கினார். அவ்வளவுதான், ஒரு கொட்டாவி விடுகிற நேரம். அதற்குள் இவர் கண்டுபிடித்த குறைகளை எழுதினால் ஒரு லாரி பேப்பர் வேண்டும். நடை சரியில்லை, சால்வை கோணல், கும்பிட்ட கையில் பாவம் இல்லை. கடைசியில் கொடுத்தவரையே பார்த்து, இவருக்கும் தாளம் தெரிகிற முகமாக இல்லையே என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்டதற்கு, டிவி வெளிச்சம் கூசுகிறது என்றார்.

மச்சான் திரும்பி வந்ததும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? மனைவி இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மச்சான் தங்கமான மனுஷன்தான், ஆனால் விருது வந்ததிலிருந்து கழுத்து ரெண்டு விரல்கடை நீண்டுவிட்டது. கூடத்தில் விருதை வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். பித்தளையில் செய்த வட்டத் தகடு, மரப்பீடம். இவர் கையிலும் கொடுத்துக் கனத்தைப் பாருங்கள் மாப்பிள்ளை என்றார். இவர் காதோரமாகத் தூக்கிப் பிடித்தார். டைல்ஸ் தட்டுகிற அதே விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார்.

"எங்கயோ கீறல் விட்டிருக்கு மச்சான்" என்றார்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. கீறலும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தப் பொய். நாங்கள் தெருவுக்கு வந்தபோது உள்ளேயிருந்து டங் டங் என்று சத்தம். பிறகு ஒரு வாரம் அந்த வீட்டைத் தாண்டிப் போனவர்களெல்லாம், விருது வாங்கியவர் பட்டறை வைத்துவிட்டார் போல என்று பேசிக்கொண்டார்கள். கடக்காரர் அந்த வாரம் மட்டும் நன்றாகத் தூங்கினார்.

அப்புறம் எங்கள் ஊர் சங்கீத சபா பாராட்டுக் கச்சேரி வைத்தது. வேறு ஊர்ப் பாடகர், மச்சான் மிருதங்கம், இவர் கடம். சபாவிலிருந்து கேட்டபோது இவர் ஒரு நொடியில் ஒத்துக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம். ஒயர் கட்டு வாங்க வந்த சாக்கில் விஷயத்தைச் சொன்னார்.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒன்று உண்டு. பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவார். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். நீ ஒன்று சொல், நான் ஒன்று சொல்கிறேன் என்கிற கதை. மச்சான் இந்த மாதம் முழுக்க ஊர் ஊராகப் போய் மாலை வாங்கினாரே தவிர, மிருதங்கத்தைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்துக் குறுக்குக் கணக்காக நாலு போட்டால் மச்சான் பதில் சொல்ல முடியாமல் திணறுவார். விருது வாங்கியவர் விழுந்தார், வாங்காதவர் நின்றார் என்று சபை முழுக்கத் தெரிந்துவிடும். இதுதான் திட்டம்.

"ஒரே ஒரு தடவை தம்பி. எவன் பெரியவன்னு ஜனம் கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம் நான் பானையிலயே சோறு வடிச்சுத் தின்னுட்டுப் போறேன்" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மனைவிக்கும் மோப்பம் பிடித்துவிட்டது. மனுஷன் சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் வாசிக்கிறார், பல் தேய்க்கும்போது குழாயில் வாசிக்கிறார், திரும்பிப் படுத்தால் கட்டிலில் வாசிக்கிறார். எல்லாம் ஐந்து ஐந்தாகப் போகிற கணக்கு. தாளம் தெரிந்த பெண்டாட்டியிடம் இதையெல்லாம் ஒளிக்க முடியுமா? அந்த அம்மா சண்டை போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே, அண்ணனை மேடையில் கவிழ்த்தால் நான் அழமாட்டேன், ஆனால் அதற்கப்புறம் உங்கள் வாசிப்பைக் கேட்கவும் மாட்டேன் என்று மட்டும் சொன்னாராம். இவருக்கு அதிலும் பொறாமை. எனக்காக இந்த அளவுக்கு எப்போதாவது பேசியிருக்கிறாளா என்று என்னிடம் வந்து கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி. கூட்டம் என்றால் கூட்டம், உட்கார்ந்தவர் மடியில் இன்னொருத்தர் உட்காராத குறை. முன்வரிசையில் மனைவி. நான் மேடையோரம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டெல்லாம் ஒழுங்காகப் போனது. தனி வந்தது. மச்சான் முதலில் வாசித்தார், முறையாகத்தான் வாசித்தார். இவர் முறை வந்ததும் ஐந்து ஐந்தாகப் போகிற அந்தக் கணக்கை எடுத்துவிட்டார் பாருங்கள், மண்பானைக்குள் மழை கொட்டியது. சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. மச்சான் நெற்றியில் வேர்த்தது. தட்டுத் தடுமாறி எப்படியோ பதில் சொல்லிவிட்டார். இவர் அடுத்ததைப் போட்டார். அதற்கும் மூச்சுமுட்டி ஒரு பதில். கைதட்டல் இவர் பக்கம். அதோடு விட்டாரா மச்சான், மைக்கில் கேட்கிற மாதிரி பலே மாப்பிள்ளை என்று வேறு சொல்லிவிட்டார். தள்ளிவிட வருகிறவனைப் பார்த்துக் கும்பிட்டால் அவனுக்குக் கை எப்படி ஓடும்? கடக்காரருக்குக் கோபத்தில் காது சிவந்தது.

கடைசியில் கோர்வை. ஒரு கணக்கை மூன்று தடவை அடுக்கி வாசித்து, பாட்டு வரி எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதை மிருதங்கம்தான் ஆரம்பிக்கும். என்ன கணக்கு என்று கடத்துக்கு முன்கூட்டிச் சொல்வதே கிடையாது. முதல் தடவை கேட்க வேண்டும், இரண்டாம் தடவை ஓரமாக ஒட்டிக்கொள்ள வேண்டும், மூன்றாம் தடவை இரண்டு வாத்தியமும் ஒரே வாத்தியமாகிவிட வேண்டும். இதில் எங்கள் கடக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. மச்சான் தும்முவதற்கு முன்னாலேயே இவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

முதல் தடவை சரி. இரண்டாம் தடவை சரி. மூன்றாம் தடவையில், மாலை வாங்கியே பழகிய மச்சான் கை நடுவில் ஒரு துண்டை விழுங்கிவிட்டது.

ஹெட்போனில் கேட்ட எனக்கே அந்தப் பிசகு தெரிந்தது. முன்வரிசையில் தாளம் போட்ட மனைவியின் கை அப்படியே தொடையில் நின்றுவிட்டது. கடக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தள்ளவேண்டியது கூட இல்லை, தன் கணக்கை ஒழுங்காக வாசித்தாலே போதும். இரண்டும் முட்டிக்கொள்ளும், விருது வாங்கியவர் விட்டது சின்னக் குழந்தைக்கும் தெரியும். காலம் பூராவும் காத்திருந்தது பழுத்துக் கையில் வந்து விழுகிறது.

ஆனால் அவர் கை அதற்குள் மச்சான் பின்னாலேயே தாவிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே சீக்கிரம் வந்து நின்றார்கள். பாட்டு எடுக்க இன்னும் இடம் இருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம். பாடகர் கண் பிதுங்கியது. மச்சான் விழுங்கினாரே ஒரு துண்டு, அதே துண்டை எடுத்து அந்தப் பள்ளத்துக்குள் வைத்தார் கடக்காரர். கடம் மட்டும் தனியாக, மெதுவாக, பூப்போல. நூல் பிசகாமல் பாட்டு எடுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. பாடகர் பாய்ந்து எடுத்தார். கைதட்டலில் கூரை ஒரு சாண் மேலே போய் இறங்கியது.

இனிமேல்தான் கொடுமை. சபாத் தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். இவ்வளவு பெரிய விருது வாங்கிய பிறகும், தனியின் கடைசி வார்த்தையைத் தான் வைத்துக்கொள்ளாமல் கடத்துக்கு விட்டுக்கொடுத்தாரே, இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று கண்கலங்கப் பேசினார். மச்சானுக்கு இன்னொரு சால்வை. கடக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மேடைக்குப் பின்னால் நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். இவர் கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றுகிற வேகத்தில் பானைக்கு மூச்சு முட்டியிருக்கும். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். நீண்டிருந்த கழுத்து பழைய அளவுக்கு வந்திருந்தது.

"விட்டுட்டேன் மாப்பிள்ளை."

"தெரியும்."

"விழட்டும்னு விட்டிருக்கலாமே."

"விடணும்னுதான் வந்தேன். நான் எங்க புடிச்சேன்? கை புடிச்சிடுச்சு. இந்தக் கைக்குச் சூடு சொரணை ஒண்ணும் கிடையாது மச்சான்."

மச்சான் புதுச் சால்வையை எடுத்து இவர் தோளில் போட வந்தார். இவர் தோளை விலக்கிக்கொண்டு, உங்களுக்குக் கொடுத்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேர்க்கும் என்றார். சொன்ன பிறகு அந்தச் சால்வையின் கரையை விரலால் தடவிப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

கடத்தை ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாது என்று புருஷனும் பெண்டாட்டியும் என் மைக் செட் வேனில் ஏறினார்கள். வெயில் இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அண்ணன் எந்த இடத்தில் விட்டான், நீங்கள் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றார். நான் கண்ணாடியில் பார்த்தேன். கடக்காரர் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே மூடிக்கொண்டது.

"அப்புறம் எதுக்கு அவருக்குக் கை தட்டின?"

"உங்களுக்குத்தாங்க தட்டினேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? தட்டுற சத்தத்துல பேரா எழுதியிருக்கு?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மச்சான் போன் பண்ணினார். அடுத்த வாரம் இன்னொரு ஊரில் பாராட்டுக் கச்சேரியாம். அங்கே கடத்துக்கு அவர்களே உள்ளூர் ஆள் பார்த்துவிட்டார்களாம், மாப்பிள்ளை கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் அந்த ஆள் என்றார். எங்கே கற்றுக்கொண்டவன், வயிறு இருக்கிறதா, மச்சான் கை தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் பிடிக்கமாட்டான், மச்சான் இந்த மாதம் இருக்கிற இருப்புக்குக் கட்டாயம் விடுவார் என்றார். போனால் போகிறது, விழட்டும் என்று சாய்ந்துகொண்டார். ஒரு சிக்னல் தாண்டவில்லை, மறுபடி நிமிர்ந்துவிட்டார்.

"இத்தனை நாள் நான் பக்கத்துல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கேன். அவர் விழுறத நான்தான் பாக்கணும். வேற எவனோ ஒருத்தன் எப்படிப் பாக்கலாம்?"

மனைவி போனை அவர் கையில் கொடுத்தார். இவரோ, நீயே பேசு, நானும் வருகிறேன் என்று சொல்லு, நான் ஒன்றும் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை என்றார். அந்த அம்மா மாட்டேன் என்று தலையாட்டினார். வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். மனைவி இறங்கி உள்ளே போனார். இவர் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்து, மச்சான் நம்பரைத் தேடினார்.